ஏணி, வெண்ணெய், சாவி

முப்பத்தொரு காகிதங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து. சுழித்துச் சுழித்து, அழகாக வேறு போட்டிருப்பேன். ஒரு பெரிய பொறுப்பைத் தனியாக என்னிடம் விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது நான் மூன்றாம் வருடத்தை இரண்டாம் முறையாகப் படிக்கிறேன். "என்ன எலெரி, ஃபெயிலா?" என்று ரயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இல்லை, ஃபெயில் இல்லை. என்ன நடந்தது என்று ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் எம்லின்மேல் எனக்குக் கோபம். பிசியோ ஹாப்கின்மேல் அதைவிடக் கோபம். யெஸ்டின்மேலும் கோபம்தான், அவன் இருக்கும் நிலையில் அது நியாயமில்லை என்று தெரிந்தும். என்மேல் இருக்கும் கோபத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டே வந்தால் உங்களுக்கே தெரியும்.

விளையாட்டுச் சிகிச்சை படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "காலைப் பிடிச்சுவிடறதுக்கு மூணு வருஷமா?" என்று என் சித்தப்பாவே கேட்டார். உடம்பில் இருக்கும் அத்தனை தசைக்கும் பெயர் தெரியும், எந்த எலும்பில் ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன், ஓடிக்கொண்டிருப்பவன் எந்தக் காலில் வலியை மறைக்கிறான் என்று மைதானத்தின் மறுகோடியிலிருந்து சொல்வேன். அவருக்குக் கால் பிடிப்பதாம். அவருடைய முதுகை இனிமேல் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

பட்டம் வேண்டுமென்றால் வகுப்பு மட்டும் போதாது. ஏதாவது ஒரு கிளப்பில், ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே, இருநூறு மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் அவர் கையெழுத்து வேண்டும். நான் எங்கள் ஊர் கிளப்பையே பிடித்தேன். கும்லாஸ் ரக்பி கிளப். பிறந்ததிலிருந்து சனிக்கிழமை என்றால் எனக்கு அந்த மைதானத்துச் சேறுதான். ஹாப்கின் அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பிசியோ. அதற்கு முன்னால் அதே கிளப்பில் ஆடியவர். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும்.

போன வருடம் ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்கு முன், அவர் ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"எல்லாப் பசங்களுக்கும் தலைச் சோதனை எடுத்துடு கண்ணு. அஞ்சு வார்த்தை, மாசத்தைத் தலைகீழா சொல்றது, ஒத்தைக் கால்ல நிக்கிறது. மார்க் போட்டு, கையெழுத்துப் போட்டு டிராயர்ல வை."

ஆள் நன்றாக இருக்கும்போது எவ்வளவு மார்க் எடுக்கிறான் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான் விஷயம். பின்னால் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைப்பார்கள். மார்க் குறைந்திருந்தால் மூளை கலங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று வாரம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். குறையவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று கும்லாஸில் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது இல்லை. சந்தேகம் வந்தால் போதும், சோதனையே வேண்டாம், வெளியே உட்கார வை என்றுதான் சொன்னார்கள். நான் அதை ஹாப்கினிடம் சொன்னேன்.

"வகுப்பு வகுப்புதான், சேறு சேறுதான். இங்க ஆகஸ்ட் காகிதம் பேசும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். குறைந்தது ஆறு வார்த்தைப் பட்டியலாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும் என்று. கிளப்பில் இருந்தது ஒரே பட்டியல். அதையே வருடக்கணக்காக நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்துகளே மங்கிப் போயிருந்தன.

கிளப் கட்டடத்தின் நீளமான அறையில், கிழிந்த சோபாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவனாக வந்தான். யெஸ்டின் பதினேழாவதோ பதினெட்டாவதோ. என்னைவிட ஒரு வயது சின்னவன், பள்ளியிலிருந்தே தெரியும். வாய் மூடாது. கூரை போடும் வேலை. எங்கள் அணியில் அவன்தான் பந்து எறிபவன். பந்து கோட்டுக்கு வெளியே போனால், இரண்டு அணியும் வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். இவன் கோட்டில் நின்று ஒரு ரகசியச் சொல்லைக் கத்திவிட்டு எறிவான். அந்தச் சொல்லுக்கு உரிய ஆளை மற்றவர்கள் தூக்குவார்கள், பந்து சரியாக அவன் கைக்குப் போகும்.

"வாங்க டாக்டரம்மா" என்றபடி உட்கார்ந்தான்.

"அஞ்சு வார்த்தை சொல்றேன். திருப்பிச் சொல்லு. ஏணி, வெண்ணெய், சாவி, குடை, குதிரை."

மேலே பார்த்தான். மூக்கைச் சொறிந்தான். "ஏணி... வெண்ணெய்... சாவி."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிக்கணும்."

"மாசத்தைப் பின்னாலேர்ந்து சொல்லு."

"டிசம்பர், நவம்பர், செப்டம்பர்..." நிறுத்தினான். "அக்டோபர் எங்க போச்சு?"

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். இரண்டு தடவை சோபாவில் விழுந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு பேரில் ஐந்தையும் சொன்னவன் ஒருவன்கூட இல்லை. முந்தின நாள் யாருக்கோ கல்யாண விருந்து, எல்லாருக்கும் இன்னும் போதை தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு பேரும் வரிசையில் நின்று என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள், நான் அதற்கு மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் யெஸ்டின் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் "ஏணி வெண்ணெய்" என்று பாடுவான். அதையே எனக்குப் பட்டப்பெயராக்கிவிட்டான்.

நவம்பரில், உள்ளூர் ஆட்டம் ஒன்றில், ஒருவனைப் பிடிக்கப் பாய்ந்த யெஸ்டினின் தலையில் எதிராளியின் முழங்கால் இடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்தான். நாலு எட்டு வைத்து எதிரணிப் பக்கம் போய் நின்றுகொண்டான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எங்க இருக்கே சொல்லு."

"மழைல."

"ஸ்கோர் என்ன?"

"நாம தோத்துட்டிருப்போம். அதெல்லாம் பாக்கணுமா?"

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது, எதுவும் பதில் இல்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். எம்லின் கோட்டோரத்தில் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். உடை மாற்றும் அறையில் ஹாப்கின் டிராயரைத் திறந்து ஆகஸ்ட் காகிதத்தை எடுத்தார். ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். யெஸ்டின் கண்ணை இடுக்கிக்கொண்டு நான்கைச் சொன்னான். குதிரை மட்டும் வரவில்லை.

"ஆகஸ்ட்ல மூணு, இப்ப நாலு" என்று ஹாப்கின் சிரித்தார். "அடி வாங்கினதுல புத்தி வந்துடுச்சு. போடா உள்ளே."

"அவன் தப்பான பக்கம் போய் நின்னான்" என்றேன்.

"அவன் எப்பவும் தப்பான பக்கம்தான் நிப்பான். காகிதத்துல உன் கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். கடைசி இருபது நிமிடம் யெஸ்டின் ஆடினான். காயப் புத்தகத்தில் அன்றைய தேதியில் "தோள்பட்டை வலி" என்று எழுதியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பயிற்சி முடிந்து அவன் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். நான் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதக் கோப்பை ஆட்டத்துக்காக எம்லின் ரகசியச் சொற்களை மாற்றியிருந்தார். அதற்கு முந்தின வருடம் சிப்ஸ் கடைப் பட்டியல்: மீன், பட்டாணி, வினிகர், கறிக்குழம்பு. இந்தத் தடவை எங்கள் பள்ளத்தாக்கு பஸ்ஸின் நிறுத்தங்கள், மொத்தம் இருபத்துநாலு. எந்த நிறுத்தம் சொன்னால் யாருக்கு, எவ்வளவு உயரத்தில் என்று முந்தின நாள்தான் கொடுத்திருந்தார். யெஸ்டின் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே இருபத்துநாலையும் ஒப்பித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இருபத்துநாலு நிறுத்தம் ஞாபகம் இருக்கு. ஆகஸ்ட்ல அஞ்சு வார்த்தை வரல" என்றேன், கேலியாகத்தான்.

"ஏணி வெண்ணெய் சாவி குடை குதிரை" என்றான் ஒரே மூச்சில். "குதிரை குடை சாவி வெண்ணெய் ஏணி. டிசம்பர் நவம்பர் அக்டோபர் செப்டம்பர் ஆகஸ்ட். போதுமா டாக்டரம்மா?"

என் கை அவன் காலிலேயே நின்றுவிட்டது.

"அப்போ வேணும்னே தப்பா சொன்னியா?"

"நான் மட்டுமா? எல்லாரும்தான். ஜூலைலயே கேப்டன் சொல்லிடுவார். மூணு வார்த்தைக்கு மேல போகக் கூடாது, மாசத்துல ஒண்ணை முழுங்கணும், ரெண்டு தடவை விழணும். ஆகஸ்ட்ல நல்லா எழுதி வச்சா ஜனவரில மாட்டிக்குவோம்ல." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "உனக்கு நெஜமாவே தெரியாதா? நாங்கல்லாம் நீ தெரிஞ்சுதான் எழுதறேன்னு நெனச்சோம்."

"போன சனிக்கிழமை நாலு சொன்னியே?"

"ஆமா. மூணோட நிறுத்தணும்னு இருந்தேன், கணக்கு விட்டுப் போச்சு."

"குதிரையை வேணும்னு விட்டியா, வரலையா?"

மறுபடி தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான். "வரல" என்றான். "விடு எலெரி. இப்ப வருதுல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஹாப்கினிடம் போனேன். ஆத்திரத்தில் வார்த்தை முன்னுக்குப் பின் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கட்டுத்துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே பேசினார்.

"நான் ஆடினப்போ நானும் அப்படித்தான் சொன்னேன். என் சோதனைல நாலு வார்த்தை சொன்னேன்னு கேப்டன் என்னை ஒரு வாரம் திட்டினார். இதெல்லாம் பசங்க வழக்கம்."

"அப்போ டிராயர்ல இருக்கிறது அத்தனையும் குப்பை."

"குப்பைன்னா யார் எழுதின குப்பை?" அப்போதுதான் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "எவ்வளவு நேரம் முடிச்சிருக்கே? நூத்தி நாப்பதா? இன்னும் அறுபது. காகிதம் பொய்னு நீ எழுதிக் குடுத்தா, பொய்க் காகிதத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு உங்க பல்கலைக்கழகம் கேக்கும். என்னைக் கேக்காது. போய் ஐஸ் எடுத்து வை, கண்ணு."

போய் ஐஸ் எடுத்து வைத்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். போய் ஐஸ் எடுத்து வைத்தேன். இரண்டரை வாரம் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். கணுக்காலுக்கு டேப் சுற்றினேன். ஹாப்கின் என் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார், நான் நன்றி சொன்னேன். விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் அழித்தேன், மூன்று தடவை. யெஸ்டினிடம் போய் "ஆடாதே" என்று ஒரு தடவை சொன்னேன். "உன் மார்க் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

கோப்பை ஆட்டம் மேல் பள்ளத்தாக்கு அணியோடு. அவர்களோடு ஆட்டம் என்றால் எங்கள் ஊரில் ரொட்டிக் கடைகூட மதியத்தில் மூடிவிடும். இரண்டாம் பாதியில் யெஸ்டின் ஆட்களின் குவியல் ஒன்றுக்கு அடியில் மாட்டினான். எழுந்தபோது எனக்குச் சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. அவன் நின்றான், நடந்தான், கையைத் தட்டினான். அடுத்த நிமிடம் பந்து கோட்டுக்கு வெளியே போனது. எங்கள் எறி. இரண்டு அணியும் வரிசையாக நின்றார்கள். யெஸ்டின் பந்தைத் தலைக்குமேல் தூக்கினான்.

"பட்டாணி" என்று கத்தினான்.

எங்கள் வரிசையில் ஒருவனும் அசையவில்லை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், வரிசையின் கடைசியில் யாருமே இல்லாத இடத்தில் விழுந்தது. முந்தின வருடம் பட்டாணி என்றால் மாக்சன். மாக்சன் மார்ச்சிலேயே நியூசிலாந்துக்குப் போய்விட்டான். அவனை வழியனுப்பிய அன்று யெஸ்டின்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கோட்டோரத்தில் நின்ற கூட்டம் சிரித்தது. யெஸ்டின் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். "பசிச்சா அப்புறம் சாப்பிடுடா" என்று ஒருவன் கத்தினான்.

நல்லவேளை, எதிரணியின் கையிலிருந்து பந்து நழுவி மறுபடி வெளியே போனது. மறுபடி எங்கள் எறி. ஒருவன் பந்தை யெஸ்டின் கையில் கொடுத்தான். நான் யாரையும் கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய் அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

"பந்தைக் குடு பொண்ணே" என்று எம்லின் கோட்டிலிருந்து கத்தினார்.

"குடுக்க மாட்டேன்."

நடுவர் ஓடி வந்தார். "என்ன இது?"

"தலைல அடி. இவன் ஆட மாட்டான்."

ஹாப்கின் வந்தார். முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் பாக்கறாங்க, எலெரி. உள்ளே கூட்டிட்டுப் போய்ச் சோதனை வைக்கலாம்."

"உங்க சோதனையை அடுப்புல போடுங்க" என்றேன். யெஸ்டினைப் பார்த்தேன். "மாக்சன் எங்கடா?"

யெஸ்டின் வரிசையின் கடைசியைப் பார்த்தான். "அங்கதானே நின்னான்" என்றான். பிறகு எம்லினைப் பார்த்து, "அவனை ஏன் வெளியே எடுத்தீங்க?" என்று கேட்டான்.

கூட்டத்தில் பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். எம்லின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மாற்று ஆளைக் கூப்பிட்டார். கோட்டைத் தாண்டியதும் யெஸ்டின் என் காலடியில் வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் "ஸ்கோர் என்ன" என்று ஒன்பது தடவை கேட்டான். நான் ஒன்பது தடவையும் பதில் சொன்னேன். பந்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். கும்லாஸில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கசிவு இல்லையாமே, அப்புறம் என்ன. அவன் அம்மா டெலித் மட்டும் என்னைக் கடையில் பார்த்து, திரைச்சீலையைத் திறக்க விட மாட்டேன் என்கிறான், டீவி சத்தம் ஆகவில்லை, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறான் என்றார். கூரை வேலையில் அவனை ஏணி ஏற விடவில்லை, கீழே நின்று ஓடு எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை தப்பியதால் பிறகு அதுவும் இல்லை.

ஹாப்கின் என் அறுபது மணி நேரத்துக்கும் கையெழுத்துப் போட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெரிய வீராங்கனைபோல் பந்தைப் பிடுங்கியவள், குறிப்பேடு நிரம்பியதும் அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். மே மாதம் கடைசி வெள்ளிக்கிழமை அதைச் சமர்ப்பிக்க வேண்டும்.

அதற்கு மூன்று நாள் முன்னால் எம்லின் கூப்பிட்டார். "கிளப்புக்கு வாம்மா. யெஸ்டினுக்குத் திரும்ப ஆடற சோதனை. காகிதம் உன்னுது, நீயே வச்சா டாக்டர் கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டுடுவார்."

டாக்டர் வேறு ஊரில் இருந்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அதே நீள அறை, அதே கிழிந்த சோபா. யெஸ்டின் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. எம்லின் ஜன்னலோரம் நின்றார். ஹாப்கின் வரவில்லை, வேலை இருக்கிறதாம்.

"நல்லா செய்யப் போறேன். ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றான்.

அவனுக்கு ஆட வேண்டும். கூரை வேலையும் போனபிறகு அது மட்டும்தான் அவனுக்கு மிச்சம். கையை முழங்கால்மேல் வைத்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மங்கிய அதே பட்டியல்தான் என் முன்னால் இருந்தது. நாலு மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பாடிய வார்த்தைகள். "ஏணி, வெண்ணெய், சாவி, குடை, குதிரை."

"ஏணி" என்றான். "வெண்ணெய்." மூச்சு வாங்கினான். "சாவி."

காத்திருந்தேன். அவன் உதடு அசைந்தது. மேலே பார்க்கவில்லை, மூக்கைச் சொறியவில்லை. என் முகத்தையே பார்த்தான். நெற்றியில் வேர்த்தது.

"இன்னும் ரெண்டு இருக்கு. இரு, சொல்றேன்" என்றான்.

வரவில்லை. மாதங்களைக் கேட்டேன். டிசம்பர், நவம்பர், செப்டம்பர் என்று வந்து, அங்கேயே நின்றான். ஒற்றைக் காலில் இரண்டு தடவை சரிந்தான். இரண்டாம் தடவை சோபாவைப் பிடித்துக்கொண்டு, "தரை சரியில்ல" என்றான்.

எம்லின் ஆகஸ்ட் காகிதத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். எனக்கு அவர்மேல் இருக்கும் கோபமெல்லாம் இருக்கட்டும், அந்த ஆள் அந்த நேரத்தில் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"மூணு, மூணு. மாசம் அதே இடம். விழுந்தது ரெண்டு, ரெண்டு. அப்படியே இருக்கு." யெஸ்டின் தோளில் தட்டினார். "ஒண்ணுமே ஆகலடா உனக்கு."

யெஸ்டின் என்னைப் பார்த்தான். "சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

பொய்யாக எடுத்த மூன்றும் நிஜமாக எடுத்த மூன்றும் ஒரே மேசையில் கிடந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்தி. நவம்பரில் இதே வாயால் இருபத்துநாலு நிறுத்தத்தையும் ஒப்பித்தவன். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால், கோப்பை ஆட்டத்தில் அவன் எங்கோ கூட்டத்தில் நின்று கேலி பேசிக்கொண்டிருப்பான். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஆகஸ்ட் காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். மார்க்கின் குறுக்கே, கோணலாக, பெரிய எழுத்தில் எழுதினேன்: இது பொய். இவன் வேண்டுமென்றே தவறாகச் சொன்னான். இது பொய் என்று எனக்கு நவம்பரிலிருந்தே தெரியும். கீழே பெயரைப் போட்டு, தேதியைப் போட்டேன். பிறகு டிராயரைத் திறந்து மீதி முப்பதையும் எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் இது பொய் என்று எழுத ஆரம்பித்தேன்.

"உனக்குப் பைத்தியமா?" எம்லின் கிட்டே வந்தார். "வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும்னு சொன்னியே. இதை யாராவது பாத்தா உன் படிப்பு போயிடும்."

"பாக்கணும்னுதான் எழுதறேன்."

"கிளப்பை நாசமாக்காதே, பொண்ணே. அவன் வாழ்க்கையையும் சேத்துக் கெடுக்காதே. அவன்கிட்டே கேளு, அவனுக்கு ஆடணுமா வேண்டாமான்னு."

"அவன் இனிமே ஆட மாட்டான். அதுக்குத்தான் என் பேரைப் போட்டிருக்கேன்."

எம்லின் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு ஹாப்கினுக்கு போன் பண்ண வெளியே போனார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். யெஸ்டின் மேசைக்குக் கிட்டே வந்து தன் காகிதத்தை எடுத்தான். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் படித்தான். திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நவம்பர்லேர்ந்தே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"யார் சொன்னது?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீதான்டா சொன்னே" என்றேன்.

அவன் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நானா?" என்றான்.